கையெழுத்து வேறு, சந்திப்பு வேறு: மலாலா போன்றவர்களின் புத்தகச் சுற்றுப்பயண மேடைக்கு முதன்முறை போகிறவர்களுக்கு

நம்மூர்ப் புத்தக வெளியீட்டு விழாவுக்குப் போய்ப் பழகியவர்களை அமெரிக்காவிலோ பிரிட்டனிலோ நடக்கும் புத்தகச் சுற்றுப்பயண நிகழ்ச்சி முதல் தடவை குழப்பிவிடும். நம்மூரில் நுழைவுக் கட்டணம் இருக்காது. வாழ்த்துரை, பொன்னாடை, ஏற்புரை எல்லாம் முடிந்ததும் நேரே மேடையேறிப் புத்தகத்தை நீட்டினால் எழுத்தாளரே பெயர் கேட்டு எழுதிக் கொடுப்பார். அங்கே ஆயிரம், இரண்டாயிரம் பேர் உட்காரும் தியேட்டர். கச்சேரிக்கு வாங்குவதுபோல் சீட் எண்ணுடன் டிக்கெட் வாங்க வேண்டும். வாசலில் மெட்டல் டிடெக்டர் நிற்கும். எழுத்தாளரோடு ஒரு வார்த்தை பேசாமலே திரும்புகிறவர்கள்தான் அதிகம். அது தெரிந்து போனால் ஏமாற்றம் இல்லை.

எடுத்துக்காட்டுக்கு, பெண் கல்விக்காகக் குரல் கொடுத்துச் சுடப்பட்டு, பின்னர் அமைதி நோபல் பெற்ற மலாலா யூசஃப்சையை வைத்துக்கொள்வோம். முதல் தன்வரலாறு 2013-இல் வந்தது. இரண்டாவதான 'ஃபைண்டிங் மை வே' 2025 அக்டோபர் 21 அன்று வெளியானது. கூட்டம், பாதுகாப்புக் கெடுபிடி, கையெழுத்துத் தட்டுப்பாடு என்று இத்தகைய நிகழ்ச்சிகளில் வரும் எல்லாச் சிக்கலும் இவர் மேடையில் ஒன்றாக வரும். இதற்குத் தயாராகத் தெரிந்தவர்களுக்கு மற்ற மேடைகள் எளிது.

முதலில் மனதில் பதிய வேண்டியது இதுதான். டிக்கெட் என்று ஒன்றை வாங்கும்போது அதில் மூன்று சரக்கு தனித்தனியாக இருக்கிறது: உட்கார இடம், புத்தகம், கையெழுத்து. மூன்றும் ஒரே விலையில் வரலாம், இரண்டு மட்டும் வரலாம், சில சமயம் இடம் மட்டுமே வரும். நாலாவதாக நீங்கள் மனதுக்குள் ஆசைப்படுகிற நேர்ச் சந்திப்பு பெரும்பாலும் விற்பனைக்கே இருக்காது.

டிக்கெட் பக்கத்தைப் படிக்கும் விதம்

நிகழ்ச்சிப் பக்கத்தில் விலைக்குக் கீழே சின்ன எழுத்தில் இருப்பதுதான் முக்கியம். அங்கே நாலு வகைச் சொற்கள் அகப்படும்.

'டிக்கெட் ப்ளஸ் புக்' என்றால் புத்தகம் சேர்த்தி. கையெழுத்து இருக்கிறது என்று அர்த்தமல்ல. அமெரிக்காவில் புதிய கெட்டி அட்டைத் தன்வரலாறு பொதுவாக 28 முதல் 35 டாலர் வரை விற்கும். டிக்கெட் விலையிலிருந்து அதைக் கழித்துப் பார்த்தால் சீட்டுக்கு மட்டும் எவ்வளவு கொடுக்கிறோம் என்று விளங்கும்.

'ப்ரீ-சைண்டு காப்பி' என்றால் முன்கூட்டியே கையெழுத்திட்ட பிரதி. அரங்க வாசலில் மேஜையில் அடுக்கி வைத்திருப்பார்கள், வாங்கிக்கொண்டு சீட்டுக்குப் போக வேண்டியதுதான். உங்கள் பெயர் அதில் இருக்காது.

'சைனிங் லைன்' என்று தெளிவாக எழுதியிருந்தால் மட்டுமே நிகழ்ச்சி முடிந்து வரிசையில் நின்று அவர் கையாலேயே வாங்கலாம். 'சைனிங் டு ஃபாலோ' என்பதும் அதுதான்.

'மீட் அண்ட் கிரீட்' என்பது தனி விலை. சாதாரண டிக்கெட்டைப்போல் சில மடங்கு இருக்கும். கிடைப்பது ஒரு கைகுலுக்கலும் அமைப்பாளரின் புகைப்படக்காரர் எடுக்கும் ஒரு படமும். உட்கார்ந்து பேசலாம் என்று எண்ணி வாங்காதீர்கள்.

ஏன் பெரிய அரங்குகளில் வரிசை வைப்பதில்லை என்று பலர் குறைப்படுகிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். புத்தகத்தை நகர்த்தி, கையெழுத்திட்டு, அடுத்தவரை வரவழைக்க ஒருவருக்கு 10 விநாடி. 300 பேருக்கு 50 நிமிடம், செய்யலாம். பெயரும் எழுதுவதென்றால் 25 விநாடி ஆகும். அதே 300 பேருக்கு 2 மணி நேரத்தைத் தாண்டிவிடும். லண்டன் ராயல் ஃபெஸ்டிவல் ஹாலில் சுமார் 2,700 இருக்கை. அத்தனை பேருக்கும் பெயரில்லாமல் வெறும் கையெழுத்துப் போடவே ஏழரை மணி நேரம் வேண்டும். மறுநாள் வேறு ஊரில் மேடை இருக்கிறது. எனவே 400 இருக்கைக்கு உட்பட்ட இடங்களில், அதாவது புத்தகக் கடை, நூலகம், பழைய தேவாலயம் போன்றவற்றில், வரிசையை எதிர்பார்க்கலாம். அதற்கு மேல் போனால் முன்கையெழுத்துதான். கையெழுத்து முக்கியம் என்றால் பெரிய தியேட்டர் தேதியை விட்டுவிட்டு அதே சுற்றுப்பயணத்தில் சின்ன இடம் ஏதேனும் இருக்கிறதா என்று பாருங்கள்.

சின்ன இடங்களை எங்கே தேடுவது? வாஷிங்டனில் பாலிட்டிக்ஸ் அண்ட் ப்ரோஸ் கடை, பிலடெல்பியாவில் ஃப்ரீ லைப்ரரி, சான்பிரான்சிஸ்கோவில் சிட்டி ஆர்ட்ஸ் அண்ட் லெக்சர்ஸ், லண்டனில் சவுத்பேங்க் சென்டர் ஆகியவை ஆண்டு முழுவதும் எழுத்தாளர் மேடை நடத்துகிற இடங்கள். எல்லாம் சின்ன அரங்கு அல்ல, ஆனால் உங்கள் ஊரிலும் இந்த மாதிரி ஒன்றிரண்டு இருக்கும். பெரிய டிக்கெட் தளங்களைவிட இவர்களுடைய மின்னஞ்சல் பட்டியலில் பெயர் கொடுப்பதே லாபம். பதிப்பகத்தின் பட்டியலிலும் சேருங்கள். புத்தகம் வெளியாகும் வாரத்தை ஒட்டித்தான் பயணத்தின் முக்கிய ஊர்கள் அமையும். அந்த வார விற்பனைதான் அதிகம் விற்ற புத்தகங்களின் பட்டியலில் இடம் பிடிக்க உதவும் என்பதால் பதிப்பகங்கள் அப்படித் திட்டமிடுகின்றன. ஆகவே வெளியீட்டுத் தேதி அறிவித்த உடனேயே காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். நிகழ்ச்சிக்கு இரண்டு மூன்று மாதம் முன்பே விற்பனை திறந்துவிடும்.

இன்னொன்று. பலர் கேட்காததால் கிடைக்காமல் போவது இலவச இடம். மிஷெல் ஒபாமாவின் 2018 சுற்றுப்பயணத்தில் ஒவ்வொரு ஊரிலும் 10 சதவீத டிக்கெட் உள்ளூர்ப் பள்ளிகளுக்கும் தொண்டு அமைப்புகளுக்கும் ஒதுக்கப்பட்டது. எல்லாச் சுற்றுப்பயணத்திலும் இப்படி இருக்காது. ஆனாலும் கல்வி பற்றிப் பேச வருகிறவர் என்றால் ஆசிரியர்களும் தமிழ்ப்பள்ளி நடத்துகிறவர்களும் அரங்கின் சமூகத் தொடர்புப் பிரிவுக்கு ஒரு மின்னஞ்சல் போட்டுப் பார்ப்பதில் நஷ்டமில்லை. எத்தனை மாணவர், என்ன வயது, கூட வரும் பெரியவர் எத்தனை பேர் என்று மூன்று வரியில் எழுதுங்கள்.

விற்பனை திறக்கும் நாள்

பொது விற்பனைக்கு இரண்டு மூன்று நாள் முன்பே முன்விற்பனை நடக்கும். அதற்கு ஒரு ரகசியக் குறியீடு (கோட்) வேண்டும். மின்னஞ்சல் பட்டியலில் இருப்பவர்களுக்கும் அரங்க உறுப்பினர்களுக்கும் வரும். மின்னஞ்சலிலிருந்து நகலெடுத்து ஒட்டும்போது கடைசியில் ஓர் இடைவெளி ஒட்டிக்கொண்டு வரும், குறியீடு தவறு என்று தளம் சொல்லும். கையால் தட்டெழுதுவதே நல்லது.

நேரம் எப்போதும் அரங்கம் இருக்கும் ஊரின் நேரம். நியூ ஜெர்சியில் இருந்துகொண்டு லாஸ் ஏஞ்சலஸ் டிக்கெட் வாங்குகிறவர் காலை 10 மணி என்றால் தன் கடிகாரத்தில் பகல் 1 மணி என்று குறித்துக்கொள்ள வேண்டும்.

முந்தைய நாள் இரவே கணக்கைத் திறந்து, முகவரி, அட்டை விவரம் எல்லாம் பதிந்துவைத்துவிடுங்கள். புதிதாகப் படிக்க வந்த மாணவர்கள் இந்திய வங்கி அட்டையோடுதான் இருப்பார்கள். ரிசர்வ் வங்கியின் 2020 விதிப்படி புதிய அட்டைகளில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை தானாகத் திறந்திருக்காது. வங்கிச் செயலியில் போய் நாம்தான் திறக்க வேண்டும். டிக்கெட்டைப் பிடித்து வைத்திருக்கும் கடிகாரம் சில நிமிடமே ஓடும். ஓடிபி இந்திய எண்ணுக்குப் போய், அந்த சிம் அப்பாவின் பழைய போனில் கிடந்தால் கதை முடிந்தது.

டிக்கெட்மாஸ்டர் போன்ற தளங்களில் முதலில் காத்திருப்பு அறை, பிறகு வரிசை. விற்பனை தொடங்கும் கணத்தில் காத்திருப்பு அறையில் இருப்பவர்களுக்கெல்லாம் குலுக்கல்போல வரிசை எண் போடுகிறார்கள். ஒரு மணி நேரம் முன்பே போய் உட்கார்ந்தால் முன்னிடம் கிடைக்கும் என்பது தப்புக் கணக்கு. 10, 15 நிமிடம் முன்பு போனால் போதும். அதன்பின் பக்கத்தைப் புதுப்பிக்காதீர்கள், இருந்த இடமும் போய்விடும். ஒரே கணக்கை நாலு தாவலில் திறந்தால் ரோபோ என்று சந்தேகித்துத் தளம் வெளியே தள்ளிவிடும்.

எந்த சீட்? அமெரிக்க அரங்கில் 'ஆர்கெஸ்ட்ரா' என்றால் தரைத்தள இருக்கைகள். வாத்தியக்காரர்கள் உட்காரும் இடமல்ல. பிரிட்டனில் அதே தளத்துக்கு 'ஸ்டால்ஸ்' என்று பெயர், கடை அல்ல. மாடிகள் அமெரிக்காவில் மெஸனைன், பால்கனி, பிரிட்டனில் சர்க்கிள். உரையாடல் நிகழ்ச்சியில் இரண்டு நாற்காலியை லேசாகச் சாய்த்து ஒருவரை ஒருவர் பார்க்கும்படி போடுவார்கள். ஓரத்தில் உட்கார்ந்தால் ஒருவருடைய முதுகைத்தான் ஒரு மணி நேரம் பார்க்க நேரும். முன்வரிசை ஓரத்தைவிட மாடியின் முதல் வரிசை நடுப்பகுதி விலையும் குறைவு, பார்வையும் நன்று. 'அப்ஸ்ட்ரக்டட் வியூ', 'ரெஸ்ட்ரிக்டட் வியூ' என்று போட்டிருந்தால் தூணோ கைப்பிடிக் கம்பியோ மறைக்கும்.

விலை விஷயம். அமெரிக்காவில் 2025 மே 12 முதல் நேரடி நிகழ்ச்சி டிக்கெட்டுகளுக்குக் கட்டாயக் கட்டணங்களைச் சேர்த்த முழு விலையைத் தொடக்கத்திலேயே காட்ட வேண்டும் என்று ஃபெடரல் டிரேட் கமிஷன் விதி வந்திருக்கிறது. வரியும் அனுப்பும் செலவும் தனியே சேரலாம். கடைசிப் பக்கத்தில் 'சர்வீஸ் ஃபீ' என்று புதிதாக ஒன்று முளைத்தால் அந்தத் தளத்தைச் சந்தேகியுங்கள்.

டிக்கெட் தீர்ந்துவிட்டதா? உடனே மறுவிற்பனைத் தளத்தில் மும்மடங்கு கொடுக்க ஓடாதீர்கள். கேமராவுக்கும் விருந்தினருக்கும் என்று பிடித்து வைத்த இடங்களில் மிஞ்சியதை நிகழ்ச்சிக்கு முந்தைய நாளோ அன்று பிற்பகலிலோ விடுவிப்பது உண்டு. அரங்கின் டிக்கெட் அலுவலகத்துக்கு நேரடியாகப் போன் செய்து கேட்டால் சொல்வார்கள். வாட்ஸ்அப் குழுவிலோ ஃபேஸ்புக்கிலோ ஒருவர் 'போக முடியவில்லை, வாங்கிக்கொள்ளுங்கள்' என்று ஸ்கிரீன்ஷாட் அனுப்பினால் பணம் கொடுக்கக் கூடாது. இப்போது பல டிக்கெட்டுகளின் பார்கோடு சில விநாடிக்கு ஒருமுறை மாறிக்கொண்டே இருக்கும், படம் எடுத்தால் செல்லாது. செயலி வழியாக உங்கள் கணக்குக்கு மாற்றித் தந்து, அது உங்கள் போனில் தெரிந்த பிறகே பணம்.

நூலகங்களில் நடக்கும் இலவச நிகழ்ச்சிக்கு வேறு இலக்கணம். பதிந்தவர்களில் பலர் வரமாட்டார்கள் என்று தெரிந்தே இருக்கையைவிட அதிகமாகப் பதிவு வாங்குவார்கள். தொடங்குவதற்கு 10, 15 நிமிடம் முன்னதாக வராதவர்களின் இடத்தைப் பதிவில்லாமல் காத்திருப்பவர்களின் ஸ்டாண்ட்பை வரிசைக்கு விட்டுவிடுவார்கள். பதிவு இருக்கிறதே என்று சரியாக 7 மணிக்குப் போகிறவர் வெளியே நிற்பார். பதிவே இல்லாமல் 6 மணிக்கே வந்தவர் உள்ளே இருப்பார்.

காது கேளாதவர்களும் சக்கர நாற்காலியில் வருகிறவர்களும் டிக்கெட் எடுத்த அன்றே அரங்குக்கு எழுதிவிட வேண்டும். சைகை மொழிபெயர்ப்பாளரையோ நேரலை எழுத்துத் திரையையோ ஏற்பாடு செய்ய இரண்டு வாரம் அவகாசம் கேட்பார்கள். மொழிபெயர்ப்பாளர் எந்தப் பக்கம் நிற்பார் என்று கேட்டு அந்தப் பக்கமே சீட் மாற்றிக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் சக்கர நாற்காலி இடத்தோடு அடுத்தடுத்து மூன்று துணை இருக்கை வரை வாங்க மாற்றுத்திறனாளிகள் சட்டம் இடம் தருகிறது. பிரிட்டனில் பல அரங்குகள் உதவியாளருக்கு இலவச டிக்கெட் தருகின்றன, முன்கூட்டியே பதிய வேண்டும்.

போகுமுன் என்ன தெரிந்திருக்க வேண்டும்

புத்தகம் முழுக்கப் படித்துவிட்டுத்தான் போக வேண்டும் என்பதில்லை. புத்தகமே அங்கேதானே கைக்கு வரும். ஆனால் மேடையில் விளக்கமில்லாமல் வந்து விழும் பெயர்களும் ஆண்டுகளும் தெரியாவிட்டால் பாதிப் பேச்சு நழுவிவிடும். பாகிஸ்தானின் ஸ்வாத் பள்ளத்தாக்கு, அதில் மிங்கோரா நகரம். பள்ளி நடத்திய தந்தை ஜியாவுதீன். 2009-இல் பிபிசி உருதுவில் குல் மகாய் என்ற புனைபெயரில் மலாலா எழுதிய நாட்குறிப்பு. 2012 அக்டோபர் 9 அன்று பள்ளி வாகனத்தில் தாலிபான் நடத்திய துப்பாக்கிச் சூடு, அப்போது வயது 15. பர்மிங்காம் மருத்துவமனை. 2013-இல் மலாலா நிதியம். 2014-இல், 17 வயதில், கைலாஷ் சத்யார்த்தியோடு பகிர்ந்த அமைதி நோபல். 2018-இல் ஷாங்லாவில் திறந்த பெண்கள் பள்ளி. 2020-இல் ஆக்ஸ்ஃபோர்டு லேடி மார்கரெட் ஹாலில் தத்துவம், அரசியல், பொருளாதாரப் பட்டம். 2021-இல் திருமணம். மலாலா என்ற பெயர்கூட 1880 மைவாண்ட் போரில் ஆப்கானியரை உற்சாகப்படுத்தியதாகச் சொல்லப்படும் மலாலாய் என்ற பெண்ணின் நினைவாக வைத்தது.

இப்போது பேச்சு பெரும்பாலும் ஆப்கானிஸ்தான் பக்கம் திரும்பும். அங்கே தாலிபான் ஆட்சியில் 2021 செப்டம்பர் முதல் 6-ஆம் வகுப்புக்கு மேல் பெண்கள் பள்ளிக்குப் போக முடியவில்லை. 2022 டிசம்பரில் பல்கலைக்கழகமும் அடைக்கப்பட்டது. இந்த இரண்டு தேதி தெரிந்திருந்தால் போதும், விவாதத்தைத் தொடரலாம்.

பிள்ளைகளைக் கூட்டிப்போகும் பெற்றோருக்கு ஒரு எச்சரிக்கை. 'பள்ளிக்கூடத்துக்காகப் போராடிய அக்கா' என்று படக்கதைகளில் படித்த 8 வயதுக் குழந்தை எதிர்பார்க்கும் பேச்சு இது அல்ல. 2025 புத்தகம் கல்லூரிக் காலத்தையும் திடீரென வந்த பேனிக் அட்டாக்குகளையும் கஞ்சா புகைத்தபோது சுடப்பட்ட நினைவு திரும்பி வந்ததையும் காதலையும் வெளிப்படையாகப் பேசுகிறது. மேடையிலும் அதெல்லாம் வரும். 12, 13 வயதுக்கு மேல் இருந்தால் கூட்டிப்போவதே நல்லது. திரும்பும் வழியில் கேள்வி வரும், அதற்கும் தயாராக இருங்கள். மடியில் உட்காரும் குழந்தைக்கும் பல அரங்குகள் டிக்கெட் கேட்கும்.

அன்றைய மாலை

கதவு திறப்பது பொதுவாக நிகழ்ச்சிக்கு ஒரு மணி நேரம் முன்பு. 7:30 நிகழ்ச்சி என்றால் 6:30-க்கு வாசலில் இருங்கள். சீட் எண் இருக்கிறதே, ஏன் முன்னால் போக வேண்டும்? பை சோதனைக்கும் புத்தக மேஜைக்கும் தனித்தனி வரிசை இருக்கும். 7:15-க்கு வருகிறவர் இரண்டிலும் நின்று, முதல் 20 நிமிடத்தை வராந்தாவிலேயே கழிப்பார். தாமதமாக வந்தவர்களை இடையில் ஒரு நிறுத்தம் வரும்வரை உள்ளே விடமாட்டார்கள்.

பாதுகாப்புச் சோதனையைச் சடங்காக எண்ணிச் சலித்துக்கொள்ள வேண்டாம். மலாலா சுடப்பட்டவர். 2022 ஆகஸ்ட் 12 அன்று நியூயார்க் மாநிலத்தில் எழுத்தாளர் சல்மான் ருஷ்டி மேடையிலேயே கத்தியால் குத்தப்பட்டார். பெரிய பை, முதுகுப்பை, லேப்டாப், தண்ணீர் புட்டி, செல்ஃபி குச்சி எல்லாம் வாசலிலேயே நின்றுவிடும். சில அமெரிக்க அரங்குகள் கண்ணாடிபோல் உள்ளே தெரியும் பையைத்தான் விடும். பிரிட்டனில் ஏ4 தாள் அளவைக் கணக்காகச் சொல்கிற இடங்கள் உண்டு. அலுவலகத்திலிருந்து நேரே போகிறவர்கள்தான் இதில் மாட்டுவார்கள். பையை வைக்க இடம் இருக்கிறதா என்று அரங்கின் பக்கத்தில் காலையிலேயே பார்த்துவிடுங்கள். பூங்கொத்து, இனிப்பு டப்பா, சால்வை கொண்டுபோவது நம் பண்பு; அங்கே பாதுகாப்பு ஆட்கள் வாங்கி ஓரமாக வைத்துவிடுவார்கள், அவர் கைக்குப் போகாது. கடிதம் என்றால் உறையை ஒட்டாமல் கொடுத்தால் சேர வாய்ப்புண்டு.

போனில் டிக்கெட்டை வீட்டு வைஃபையிலேயே திறந்து வாலெட் செயலியில் போட்டுவிடுங்கள். ஆயிரம் பேர் ஒரே வாசலில் நின்று இணையம் தேடும்போது சிக்னல் திணறும். டிக்கெட் அலுவலகத்தில் பெயர் சொல்லி வாங்குவதென்றால் அடையாள அட்டை வேண்டும். இங்கே தமிழர்களுக்கு மட்டும் வரும் ஒரு தலைவலி: பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் குடும்பப் பெயராக உட்கார்ந்திருக்கும். டிக்கெட்டை எந்தப் பெயரில் பதிந்தோம் என்று தெரியாமல் கவுன்டரில் உள்ளவர் 'கார்த்திக்' உறையைத் தேடுவார், அதுவோ 'சுப்ரமணியன்' என்ற பெயரின்கீழ் இருக்கும். உறுதிசெய்யும் மின்னஞ்சலைத் திறந்து வைத்துக்கொண்டே கவுன்டருக்குப் போங்கள்.

புத்தகம் சேர்ந்த டிக்கெட் என்றால் உள்ளே நுழைந்ததும் முதல் வேலை அதை வாங்குவது. முடிந்து போகும்போது வாங்கிக்கொள்ளலாம் என்று விட்டால் மொத்தக் கூட்டமும் ஒரே சமயத்தில் அந்த மேஜைக்கு வரும். சில இடங்களில் நிகழ்ச்சி தொடங்கியதும் மேஜையை மூடியும் விடுவார்கள்.

மேடை நிகழ்ச்சி 60 முதல் 90 நிமிடம். ஒரு பத்திரிகையாளரோ நடிகரோ எழுத்தாளரோ கேள்வி கேட்க மலாலா பதில் சொல்வார். படம் எடுக்கும் விதியைத் தொடக்கத்தில் அறிவிப்பார்கள். முதல் சில நிமிடம் எடுக்கலாம், பிறகு போன் பைக்குள், வீடியோவே கூடாது என்பது பரவலான வழக்கம்.

கேள்வி எழுதும் கலை

கடைசி 15 நிமிடம் பார்வையாளர் கேள்வி. பெரிய அரங்கில் மைக் கையில் வராது. நுழைவாயிலில் அட்டையும் பென்சிலும் தருவார்கள், அல்லது க்யூஆர் கோடு வழியாக அனுப்பச் சொல்வார்கள். ஒரு பதிலுக்கு இரண்டரை நிமிடம் என்றால் மொத்தம் ஆறு கேள்விதான் தேறும். நூற்றுக்கணக்கான அட்டையில் அந்த ஆறை எடுப்பவர் மேடைக்குப் பின்னால் நின்று வேகமாகப் புரட்டும் ஓர் உதவியாளர். அவர் கண்ணில் பட என்ன செய்ய வேண்டும் என்று பாருங்கள்.

பெரும்பாலான அட்டைகள் இப்படி இருக்கும்: 'நான் சிறுவயதிலிருந்தே உங்கள் ரசிகை. நீங்கள் எங்களுக்கெல்லாம் முன்மாதிரி. இன்றைய இளைஞர்களுக்கு நீங்கள் சொல்ல விரும்புவது என்ன?' இதற்கு ஏற்கெனவே நூறு மேடையில் பதில் சொல்லிவிட்டார். உதவியாளர் அடியில் தள்ளிவிடுவார்.

இன்னொரு வகை: 'ஆப்கானிஸ்தானில் ரகசியமாக நடக்கும் பள்ளிகளுக்கு நீங்கள் எப்படிப் பணம் அனுப்புகிறீர்கள்?' ஆர்வம் நியாயமானது. ஆனால் மேடையில் பதில் சொன்னால் அங்கே இருக்கும் ஆசிரியைக்கு ஆபத்து. கேள்வி நன்றாக இருந்தும் எடுக்கமாட்டார்கள்.

இதையே திருப்பிப் போடுங்கள்: 'ஆப்கானிஸ்தானில் இணையவழிப் படிக்கும் 16 வயதுப் பெண்ணுக்குச் சான்றிதழ் தருவது யார், அதை எந்தக் கல்லூரி ஏற்கும்?' ஒரே வாக்கியம். யாரையும் காட்டிக்கொடுக்கவில்லை. புகழ்ச்சி இல்லை. அவருக்குச் சொல்ல விஷயம் இருக்கும் இடத்தில் கைவைக்கிறது. 25 சொல்லுக்கு மேல் போகாமல், பெரிய எழுத்தில், அட்டையின் ஒரு பக்கத்தில் மட்டும் எழுதுங்கள். உங்கள் பெயரும் வேலையும் மூலையில் இருந்தால் வாசிக்க வசதி: 'ஆசிரியை', '10-ஆம் வகுப்பு மாணவி' என்ற இரண்டு சொல்லுக்கு மதிப்பு அதிகம். சிறுவர் கேள்வியை விரும்பி எடுப்பார்கள். அதற்காகப் பெரியவர் எழுதிப் பிள்ளையின் பெயரைப் போடாதீர்கள், நடை காட்டிக்கொடுத்துவிடும்.

மைக் கொடுக்கும் சின்ன அரங்கானால் எழுந்து நிற்பதற்குள் கேள்வி தயாராக இருக்க வேண்டும். முன்னுரை 10 விநாடி தாண்டினால் அரங்கமே நெளியும்.

கையெழுத்து வரிசை

வரிசை உண்டு என்றால் கடைசிக் கேள்வி முடிந்ததும் வரிசை வரிசையாக அழைப்பார்கள், அல்லது கையில் கட்டிய வண்ணப்பட்டையின் எண்படி. முண்டியடித்துப் பயனில்லை.

நிற்கும்போதே புத்தகத்தைத் தயார்ப்படுத்துங்கள். தலைப்புப் பக்கத்தைத் திறந்து, மேலுறையின் முன்மடிப்பை அங்கே செருகினால் புத்தகம் தானாக அந்த இடத்தில் திறக்கும். கடை ஊழியர் ஒட்டும் தாள் தருவார். பெயர் எழுதும் வழக்கம் இருந்தால் அதில் ஆங்கிலப் பெரிய எழுத்தில் தெளிவாக எழுதி ஒட்டுங்கள். இனிஷியல் வேண்டாம். 'திருநாவுக்கரசு' என்று முழுசாக எழுதினால் ஊழியர் சிரித்துக்கொண்டே சின்னதாக்கக் கேட்பார். வீட்டில் கூப்பிடும் பெயரை எழுதுங்கள். பெயர் போட்ட பிரதியைப் பின்னால் யாருக்கும் பரிசளிக்க முடியாது என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

பழைய புத்தகத்தையும் கொண்டுபோகலாமா? பல கடைகளில் அன்று அங்கே வாங்கிய பிரதிக்குத்தான் கையெழுத்து. சில இடங்களில் புதிதாக ஒன்று வாங்கினால் பழையது ஒன்றுக்கு அனுமதி. சுவரொட்டி, புகைப்படம், நோட்டுப் புத்தகம் எல்லாம் திருப்பிவிடுவார்கள்.

மேஜை முன்னால் உங்களுக்குக் கிடைப்பது அந்தப் பத்து விநாடி. நின்று போஸ் கொடுக்கும் படம் கிடையாது. பின்னால் நிற்பவரிடமோ ஊழியரிடமோ போனைக் கொடுத்தால் கையெழுத்திடும்போது எடுப்பார். கைநீட்டாதீர்கள், தோளில் கைபோடாதீர்கள். சொல்ல ஒரு வாக்கியம் வைத்துக்கொள்ளுங்கள்: 'என் பாட்டி அஞ்சாம் வகுப்போடு நின்றவர், இந்தப் புத்தகம் அவருக்கு' என்ற அளவில். கேட்டால் மேலே பேசலாம், கேட்காவிட்டால் நகருங்கள். மார்க்கர் மை உடனே காயாது. அரை நிமிடம் திறந்தே பிடித்திருங்கள், இல்லையென்றால் எதிர்ப்பக்கத்தில் கையெழுத்து இரட்டையாகும்.

முன்கையெழுத்துப் பிரதி வாங்கியவர்கள் அதை ஒருமுறை பார்த்துவிடுங்கள். இவற்றை இரண்டு வழியில் தயாரிப்பார்கள். பதிப்பகம் உதிரித் தாள்களைக் கட்டுக்கட்டாக அனுப்ப, எழுத்தாளர் கையெழுத்திட்டுத் திருப்பியதும் பைண்டிங்கில் சேர்ப்பது ஒன்று. அந்தத் தாள் லேசாகத் தடிப்பு வேறுபட்டு, அடியில் பசை தெரியும். ஒட்டும் சீட்டில் கையெழுத்திட்டு உள்ளே ஒட்டுவது இன்னொன்று. இரண்டுமே உண்மைக் கையெழுத்துதான். அச்சாகவோ இயந்திரமாகவோ இருந்தால்தான் பிரச்சினை. 2022-இல் பாடகர் பாப் டிலனின் புத்தகத்துக்கு 599 டாலர் விலையில் விற்ற கையெழுத்துப் பிரதிகள் இயந்திரத்தால் இட்டவை என்று தெரிந்ததும் பதிப்பகம் பணத்தைத் திருப்பிக் கொடுத்தது. பக்கத்தில் நிற்பவருடைய பிரதியோடு வைத்து ஒப்பிடுங்கள். கையால் இட்டதென்றால் ஒன்றுபோல் இன்னொன்று இருக்காது. மையால் இழுத்த கோடு தொடங்கும் இடமும் முடியும் இடமும் மாறும்.

தேதி தள்ளிப்போனால் பழைய டிக்கெட் புதிய தேதிக்கும் செல்லும். வர முடியாதவர்கள் அறிவிப்பு வந்த மின்னஞ்சலில் சொன்ன கெடுவுக்குள் பணம் கேட்க வேண்டும், கெடு தாண்டினால் கிடைப்பது கடினம். ரத்தானால் டிக்கெட் பணம் தானாக அட்டைக்குத் திரும்பும். புத்தகம் சேர்ந்த டிக்கெட்டில் புத்தகத்தை மட்டும் தபாலில் அனுப்பிவிட்டு மீதிப் பணத்தைத் தருவதும் உண்டு. அதற்காகப் பதிவின்போது கொடுத்த முகவரி இப்போதைய வீட்டு முகவரிதானா என்று பார்த்துக்கொள்ளுங்கள். செமஸ்டருக்கு ஒரு வீடு மாறும் மாணவர்களின் புத்தகம் பழைய அபார்ட்மென்ட் வாசலில்தான் கிடக்கும்.